மண்டபத்துக் கோட்டில் ஒரு குழி

கார்த் ஸ்கெல்டனைத் தண்டியுங்கள் என்று லியோனி பென்ஹால் யாரிடமும் கேட்கவில்லை. தீ எப்போது பிடித்தது என்று மட்டும்தான் கேட்டாள்.

கேட்டவள் கணவனைத் தீயில் பறிகொடுத்தவள். அதனால் வாரபி ஊரே அவளுக்காகப் பதில் தேடக் கிளம்பியது.

அறுவடைக் காலத்தில் வாரபியில் ஒரு வழக்கம் உண்டு. வடக்கிலிருந்து பாலைவனக் காற்று அடுப்பு வாயைத் திறந்ததுபோல் வீசத் தொடங்கினால், லியோனி வீட்டு வாசலில் நின்று கையடக்க மீட்டரை உயர்த்திப் பிடிப்பாள். வெப்பம், ஈரம், காற்றின் வேகம் மூன்றையும் பார்ப்பாள். எல்லை தாண்டினால் ரேடியோவை எடுத்து, "எல்லாரும் நிறுத்துங்க" என்பாள். அறுவடை எந்திரங்களில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி, "நிறுத்தியாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். எந்திரத்தின் வயிற்றில் ஒரே ஒரு பேரிங் சூடானால் போதும், காய்ந்த பயிர்த்தாளில் பொறி விழும். விழுந்தால் காற்று அதைக் குதிரை மேல் ஏற்றிக் கொண்டுபோகும். வயலுக்கு வயல் போலீஸ் நிற்பதில்லை. கொடுத்த வார்த்தைதான் காவல்.

கோடை உச்சத்தில் இருந்த டிசம்பரின் அந்த வியாழக்கிழமையும் எல்லோரும் வார்த்தை கொடுத்தார்கள். "கார்த், நிறுத்தியாச்சு." "கிம், நிறுத்தியாச்சு." இன்னும் பலர். ஒருவர் விடாமல் சொன்னார்கள்.

அரை மணி நேரத்தில் கார்த்தின் பார்லி வயல் எரிந்தது.

லியோனியின் கணவன் லையல், தண்ணீர்த் தொட்டி கட்டிய தன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். ஊரில் வண்டி வைத்திருந்த அத்தனை பேரும் ஓடினார்கள். மாலையில் காற்று திடீரென்று மேற்கே திரும்பியது. அதுவரை தீயின் விலாவாக இருந்தது அந்த நொடியில் தீயின் முகமாயிற்று. அந்தப் பக்கம் நின்றிருந்தவன் லையல். அவனைத் தூக்கி வந்தது லியோனியின் தம்பி கிம் டிரேகர். சவப்பெட்டியின் முன்கோடியைச் சுமந்ததும் அவன்தான். கல்லறையில் அவன் அழுத அழுகையைப் பார்த்து, "கூடப் பொறந்தவன்கூட இப்படி அழ மாட்டான்" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

கார்த் ஸ்கெல்டன் வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து நிலம் குத்தகைக்கு எடுத்தவன். வந்து ஆறு வருஷம் ஆகியும் ஊர் அவனை "அந்தப் புது ஆளு" என்றுதான் சொன்னது. அவனுடைய எந்திரமும் தீயில் போய்விட்டது. அதன் கணினி ஒரு கரித்துண்டு. நிறுத்தினேன் என்று அவன் சொல்வதை ஆமோதிக்கவோ மறுக்கவோ எதுவும் மிஞ்சவில்லை.

"சொல்லிட்டு ஓட்டியிருக்கான், வேற என்ன?" என்றது ஊர்.

லியோனியும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் நினைப்பது போதவில்லை. அவளுக்கு அது தெரிய வேண்டியிருந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இருந்த வியாதி அது.

*

அந்த வியாதியை ஊர் கேலி செய்யும், பயன்படுத்தியும் கொள்ளும்.

ஊர் மண்டபத்தின் கூரையில் சோலார் தகடுகள் போட்டபோது, அவை எவ்வளவு மின்சாரம் தருகின்றன என்று காட்டும் போன் ஆப்பின் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. லியோனி வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அது வீட்டில் வளரும் நாய்க்குட்டி மாதிரி ஆகிவிட்டது. காலையில் வரைபடக் கோடு தரையிலிருந்து எழும், உச்சிப்பொழுதில் குன்றாக நிற்கும், மாலையில் வழுக்கி இறங்கும். மேகம் வந்தால் குன்றில் பல்தடம் விழும். தன் வீட்டுக் கோட்டையும் மண்டபத்துக் கோட்டையும் ஒட்டி வைத்துப் பார்ப்பாள். கெஞ்சிக் கேட்டு இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்களின் கோடுகளையும் தன் போனில் சேர்த்துக்கொண்டாள்.

"சூரியனுக்கே நாடி பாக்குற டாக்டர் வந்தாச்சுடா!" என்பார்கள் மதுக்கடையில்.

"லியோனி, இன்னிக்கு அவருக்கு ஜுரமா? என் பீர் சூடா இருக்கு!"

ஆனால் நாடி பார்த்ததில் பலன் இருந்தது. தினமும் பிற்பகலில் ஒரே நேரத்தில் மண்டபத்துக் கோடு சறுக்குவதைப் பார்த்து, வளர்ந்துவிட்ட யூக்கலிப்டஸ் கிளையொன்று நிழல் போடுவதைக் கண்டுபிடித்தாள். அறுவடை முடிந்ததும் எல்லா வீட்டுக் கோடுகளும் கொஞ்சம் குள்ளமாகிவிடுவதைப் பார்த்து, தகடுகளில் படிந்த உமித் தூசியைத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொன்னாள். கழுவினார்கள். கரண்டு பில் இறங்கியது. கேலி செய்த வாய்கள் கேலியை நிறுத்தவில்லை, ஆனால் கழுவுவதையும் நிறுத்தவில்லை.

லையலை அடக்கம் செய்து மூன்றாவது வாரம், மண்டபத்துச் சமையல்கட்டில் இரவல் தட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள் லியோனி. பக்கத்தில் பேக்கரி நோரீன். கை வேலை செய்யும். வாய் அதைவிட வேகமாக வேலை செய்யும்.

"போலீஸ்காரங்க என்ன கிழிச்சாங்க? நேரம் தெரியலையாம். கார்த் ரேடியோவில கத்தினதுதான் முதல் தகவலாம். அவன் எப்ப கத்தினானோ அப்பதான் புடிச்சுதுன்னு எழுதிக்கறாங்களாம். திருடனையே கடிகாரம் பாக்கச் சொன்ன மாதிரி!"

லியோனி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"புகை வந்தா நிழல் விழும்ல?" என்றாள்.

"என்னது?"

"தகட்டு மேல."

ஈரக்கையைத் துடைக்காமலே போனை எடுத்தாள். அந்த வியாழக்கிழமையைத் தேடிப் பிடித்தாள். மேகமே இல்லாத நாள். காற்றில் பறந்த புழுதியால் எல்லாக் கோடுகளும் ஒரு சுற்று தாழ்ந்திருந்தன, ஆனால் வழவழப்பாக இருந்தன. அவள் வீட்டுக் கோடு பிற்பகலில் ஒரேயடியாகச் சரிந்து செத்துக் கிடந்தது. பெரும்புகை வந்து சேர்ந்த நேரம் அது.

மண்டபத்துக் கோட்டில் அதற்கு முன்பே ஒரு குழி இருந்தது. சின்னக் குழி. குழந்தைக்கு முன்பல் விழுந்த இடம் போல. விழுந்தது, சிறிது நேரம் கிடந்தது, மறுபடி எழுந்துவிட்டது. அந்தக் குழி முடிந்து கொஞ்சம் கழித்துத்தான் கார்த் ரேடியோவில் கத்தியிருக்கிறான்.

லியோனியின் காது சூடாயிற்று.

"நோரீன், அவன் பொய் சொல்லியிருக்கான். அவன் சொல்றதுக்கு முன்னாடியே தீ இருந்திருக்கு. புகை இந்தக் கூரை மேல வந்திருக்கு. நான் நிறுத்தச் சொன்ன உடனே... உடனேடி! நிறுத்தவே இல்ல அவன்."

நோரீன் கையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆனால் அந்த வாயை அப்படியே அதிக நேரம் மூடி வைக்க அவளால் முடியாது என்பது ஊருக்கே தெரியும்.

*

ஜனவரிக் கூட்டத்தில் மண்டபம் நிரம்பி வழிந்தது. மின்விசிறிகள் சூடான காற்றைக் கரண்டி போட்டுக் கிளறிக்கொண்டிருந்தன. சுவரில் ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் பெரிதாக, அந்தக் குழி.

லியோனி குரல் உயர்த்தாமல் விளக்கினாள். இந்த இடத்தில் நான் நிறுத்தச் சொன்னேன். இந்த இடத்தில் புகை. இந்த இடத்தில்தான் கார்த்தின் குரல். இடையில் இருப்பது என்ன?

"பொய்!" என்றது பின்வரிசை.

கார்த் எழுந்தான். ஒல்லியான ஆள். தீயை அணைக்கப் போனதில் கழுத்தில் வெந்த தழும்பு இன்னும் ஆறவில்லை. மனைவி டாம்சின் அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள்.

"நான் நிறுத்தினேன். மெஷினை வேலியோரம் விட்டுட்டு சாப்பிடப் போனேன். வெளிய வந்து பாத்தா வயல் எரியுது. பாத்த உடனே கூப்பிட்டேன்."

"உன் மெஷினைக் கூட்டிட்டு வா, சாட்சி சொல்லட்டும்!"

"சாப்பிடப் போனானாம்! லையல் எங்க சாப்பிடறான் இப்போ?"

"அந்தக் குழி என்னன்னு எனக்குத் தெரியாது," என்றான் கார்த். "ஆனா என் தீ இல்ல அது."

"தீ உன் வயல்ல, குழி எங்க கூரையில. வேற யாரு தீ? ஏசுநாதர் தீயா?"

சிரிப்பு கிளம்பியது. டாம்சின் எழுந்து வெளியே போனாள். சிரித்தவர்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்; சிலர் குனியவில்லை.

மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கிம் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். துக்கம் என்று நினைத்தார்கள். பிறகு யாரோ கைதட்ட, அவனும் தட்டினான். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்தபோது லியோனியின் தோளை அணைத்துக்கொண்டான். "லையலுக்கு நீ செய்ய வேண்டியதைச் செஞ்சுட்ட, லீ. இனிமே அதைப் போட்டு நோண்டாத. உடம்பைப் பாரு."

பிப்ரவரியில் கார்த்தின் குத்தகை ரத்தாயிற்று. நகரத்தில் இருந்த நிலச் சொந்தக்காரிக்கு ஊர்க் கூட்டத்தின் செய்தி போன வேகத்தில் பதில் வந்தது. கார்த்தின் பெண்ணைப் பள்ளிப் பேருந்தில் மற்றப் பிள்ளைகள் பக்கத்து இருக்கையில் உட்கார விடவில்லையாம். பேக்கரியில் டாம்சினுக்கு நோரீன் ரொட்டியைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துத் தள்ளுவாளாம். நோரீனே பெருமையாகச் சொன்னாள்.

லியோனி அதைக் கேட்டுக்கொண்டாள். அந்த இரவுகளில் அவள் நன்றாகத் தூங்கினாள் என்பதுதான் உண்மை.

*

மார்ச் கடைசியில் கோடை திரும்பி வந்து ஒரு உதை கொடுத்துவிட்டுப் போனது. மறுபடி வடக்குக் காற்று.

மண்டபத்து மேஜை விரிப்புகளைத் துவைத்துப் பின்பக்கக் கம்பியில் காயப்போட்டாள் லியோனி. கிளிப் மாட்டி முடிப்பதற்குள் விரிப்புகள் திமிறின. ஒன்று அவள் முகத்தில் அறைந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே விலகி நின்று பார்த்தாள்.

ஏழெட்டு வெள்ளை விரிப்புகளும் கம்பியிலிருந்து கிடைமட்டமாக நீண்டு, ஒரே திசையைக் கை காட்டிக்கொண்டிருந்தன. தெற்கே. சாலைக்கு அந்தப் பக்கம் கருகிக் கிடந்த கார்த் ஸ்கெல்டனின் வயலை.

லியோனியின் கையிலிருந்த கிளிப் டப்பா கீழே விழுந்தது.

மண்டபம் இங்கே. கார்த்தின் வயல் அதற்குத் தெற்கே. காற்று வடக்கிலிருந்து. அந்த வியாழக்கிழமையும் இதே காற்று. இதைவிட முரட்டுக் காற்று. அப்படியானால் கார்த்தின் வயல் புகை மண்டபத்துக் கூரைக்கு எப்படி வரும்? காற்றை எதிர்த்து நடந்தா?

வாழ்நாளெல்லாம் காற்றின் திசை பார்த்து வாழ்கிறவர்கள் மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்குக்கூடத் தோன்றவில்லை. தினமும் மீட்டரைத் தூக்கிப் பிடிக்கிற அவளுக்கே தோன்றவில்லை. நேரத்தைப் பார்த்தாள், இடத்தைப் பார்க்கவில்லை. வேண்டிய பதில் கிடைத்ததும் கேள்வியை மூடி வைத்துவிட்டாள்.

புழுதியாக இருக்குமோ? படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். மண்டபத்துக்கு வடக்கே அறுவடை நடந்த முந்தைய நாட்களைப் பார்த்தாள். எந்திரம் கிளப்பிய புழுதியில் கோடு லேசாக நடுங்கியிருந்தது, அவ்வளவுதான். குழி விழவில்லை. மேகமோ? நோரீன் கடைக் கோடு அந்த நேரத்தில் வழவழப்பு. மற்ற வீடுகளும் அப்படியே. இந்த ஒரு கூரை மேல் மட்டும் ஒரு மெல்லிய புகை நாக்கு நக்கிவிட்டுப் போயிருக்கிறது.

வடக்கே இருந்து.

மண்டபத்துக்கு வடக்கே இருப்பது ஒரே ஒருவனுடைய நிலம். அவளும் அவனும் பிறந்த நிலம். கிம்முடைய நிலம்.

கால்கள் அவளைக் கேட்காமலே வேலியைத் தாண்டின. அறுத்த தாள் கணுக்காலைக் குத்தியது. தீயன்று கிம் சட்டிக் கலப்பையைப் பூட்டித் தீத்தடுப்பு உழுதது அவளுக்குத் தெரியும். அன்று ஊரில் பாதிப் பேர் உழுதார்கள். வேலியை ஒட்டி நீளமாக, தீ ஏறி வராதபடி வெறும் மண்பட்டை போடுவது யாரும் செய்கிற வேலை.

ஆனால் இந்த உழவு வேலியை ஒட்டி இல்லை. வயலின் உள்ளே, நாலு பக்கமும் தாள் நிற்க, நடுவில் ஒரு கட்டம். சமையலறைச் சுவரில் கறை பட்ட இடத்தை மட்டும் வெள்ளையடித்ததுபோல.

லியோனி செருப்பு நுனியால் மண்கட்டியைப் புரட்டினாள். இன்னொன்றைப் புரட்டினாள். மண்ணுக்கு அடியில் கறுப்பு. விரலில் எடுத்துத் தேய்த்தாள். சாம்பல்.

*

கிம் கொட்டகையில் விதைப்பு எந்திரத்தின் அடியில் படுத்திருந்தான். பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"யாரு? ஜோடியா? அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடு."

மனைவி என்று நினைத்துவிட்டான். லியோனி எடுத்துக் கொடுத்தாள். கை வந்து வாங்கிக்கொண்டது.

"நடுவயல்ல எதுக்குடா உழுத?"

அடியில் உலோகச் சத்தம் நின்றது. பிறகு மெல்ல வெளியே வந்தான். முகத்தில் கிரீஸ்.

"என்ன கேட்ட?"

"நான் கேட்டது உன் காதுல விழுந்துச்சு."

"லீ..."

"கறுப்பா இருக்கு அடியில."

கிம் ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். நாற்பத்தெட்டு வயது ஆள், திருடிய பிஸ்கட்டோடு மாட்டிய பையன் மாதிரி நின்றான். பிறகு வார்த்தைகள் கொட்டின.

"ரெண்டே ரெண்டு சுத்து, லீ. ரெண்டு சுத்து போனா அந்த வயலே முடிஞ்சிடும். நீ நிறுத்துன்னு சொன்ன, நானும் நிறுத்தியாச்சுன்னு சொன்னேன், சொல்லிட்டு பாத்தா அவ்வளவுதான் மிச்சம். யாரு பாக்கப் போறான்னு... திரும்பறப்ப பின்னாடி புகை. அணைச்சேன்! சத்தியமா முழுசா அணைச்சேன். தொட்டித் தண்ணி பூரா காலி பண்ணேன். சின்ன இடம் லீ, இந்தக் கொட்டகை அளவு. அணைஞ்சுடுச்சுன்னு நினைச்சேன். சாலை தாண்டி பொறி போகும்னு..."

"ரேடியோவில ஏன் சொல்லல?"

"சொன்னா ஓட்டினது தெரிஞ்சிடும்ல."

எவ்வளவு சுலபமான பதில்.

"நீ சொல்லியிருந்தா கார்த் வேலியோரமே நின்னு அந்தப் பொறியை அணைச்சிருப்பான். அவன் சாப்பிட்டுட்டு இருந்தான் கிம். நிறுத்திட்டு, உள்ள உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தான்."

"தெரியும்."

"லையல் செத்தான்."

"தெரியும்! நான்தானே தூக்கிட்டு வந்தேன்! உனக்கு முன்னாடி நான்தானே பாத்தேன்!" கத்திவிட்டு உடனே குரலைத் தாழ்த்தினான். வீட்டில் ஜோடி இருந்தாள். "தினமும் கனவுல வர்றான். போதாதா அது? இப்ப சொன்னா அவன் எழுந்து வரப் போறானா? எனக்கு இன்சூரன்ஸ் போயிடும். நிலம் போயிடும். அப்பா நிலம், லீ. உனக்கும் அதுதானே பொறந்த வீடு."

"கார்த்துக்குக் குத்தகை போயிடுச்சு."

கிம் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். அவன் துடைத்த விதத்தில் ஏதோ இருந்தது. அறுவடை நாட்களில் கோட்டில் வரும் லேசான நடுக்கம்போல ஒன்று. லியோனி விடவில்லை.

"அந்த நிலத்தை இப்ப யாரு எடுத்திருக்கா?"

"யாராவது எடுத்துத்தானே ஆகணும்," என்றான் கிம் தரையைப் பார்த்து. "சும்மா கிடந்தா களை மண்டிடும்."

அவள் அவனுக்குப் பின்னால் பார்த்தாள். விதைப்பு எந்திரம். இந்த வருஷம் சீக்கிரமாகவே தயாராகிற எந்திரம். இரண்டு வயலுக்கு விதைக்க வேண்டுமே.

"அந்தக் கோட்டை அழிச்சிடலாம்ல, லீ? போன்ல இருக்கறது தானே." கெஞ்சலாக ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறினான். "சரி, போய்ச் சொல்லு. யார் நம்புவா? மண்டபத்துல நின்னு சுவர்ல படம் போட்டு, கார்த்துதான்னு சொன்னது யாரு? நானா?"

லியோனி வண்டிக்கு நடந்தாள். பின்னால் அவன் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். முதலில் பெயரைச் சொல்லி. பிறகு அக்கா என்று. சின்ன வயதுக்குப் பிறகு அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

*

விசாரணை அதிகாரி ஹோபன் அவள் காட்டிய கோட்டைப் பார்த்தார், விரிப்புகள் கதையைக் கேட்டார், சாம்பலைத் தோண்டி எடுத்தார். பிறகு கிம்மின் அறுவடை எந்திரத்திலிருந்து கணினியைக் கழற்றிக்கொண்டு போனார். எரியாத எந்திரம். அது எப்போது ஓடியது, எந்த இடத்தில் ஓடியது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ரெண்டு சுத்து இல்லை. ஐந்து.

கிம் மீது வழக்கு பதிவாயிற்று.

வாரபி அதைக் கேட்டு, சில நாள் வாயை மூடிக்கொண்டது. பிறகு திறந்தது.

"புழுதியா இருந்திருக்கும்," என்றாள் நோரீன், ரொட்டியை மேஜையில் வைத்துத் தள்ளியபடி. "அந்த ஆப்பெல்லாம் என்னத்தைச் சரியா காட்டுது? போன வாரம் எனக்கு மழைன்னு காட்டிச்சு."

"ஜனவரியில நம்பினியே."

"ஜனவரியில நீ புருஷனை இழந்து நின்ன. பாவம்னு தலையாட்டினோம். அதுக்குன்னு சொந்தத் தம்பியை..." நோரீன் பாக்கியை முடிக்காமல் அடுத்த ஆளைப் பார்த்தாள். "உனக்கு என்னப்பா, இறைச்சிப் பேஸ்டியா?"

மதுக்கடையில் சூரியனுக்கு நாடி பார்க்கும் டாக்டரைப் பற்றி யாரும் கேலி பேசவில்லை. அவள் நுழைந்தால் பேச்சு நின்றது, வெளியேறினால் தொடங்கியது. கிம்முக்காக நிதி திரட்டக் கறி வாட்டும் விருந்து ஒன்று நடந்தது. லையலின் தீயணைப்புத் தோழர்களே முன்னின்று நடத்தினார்கள். "தப்பு யாருக்கு வராது? அவனும் ஒரு மச்சானை இழந்தவன்தானே" என்றார்கள். மண்டபக் குழு கடவுச்சொல்லை மாற்றியது. அவளிடம் சொல்லவில்லை. ஒரு காலையில் ஆப்பைத் திறந்தாள், திறக்கவில்லை.

குத்தகை திரும்பவில்லை. கையெழுத்தான ஒப்பந்தம், வழக்கு முடியும் வரை எதுவும் செய்ய முடியாது என்று நகரத்திலிருந்து பதில் வந்தது. கிம்முக்குப் பதிலாக ஜோடி ஆள் வைத்துக் கார்த்தின் வயலில் விதைக்கத் தொடங்கினாள்.

கார்த் வீட்டைக் காலி செய்கிற நாளில் லியோனி போனாள். வண்டியை வாசல் கேட்டருகே நிறுத்திவிட்டு இறங்கினாள். லாரியில் கட்டில்கள், ஒரு துணி துவைக்கும் எந்திரம், பெண்ணின் சைக்கிள். டாம்சின் அவளைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் உள்ளே போனாள்.

கார்த் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"அதிகாரி உங்ககிட்ட சொல்லியிருப்பாரு," என்றாள் லியோனி.

"சொன்னாரு."

"நான்தான் கண்டுபிடிச்சேன். போய்ச் சொன்னதும் நான்தான்." சொன்ன பிறகுதான், தான் அதற்குப் பாராட்டை எதிர்பார்த்து வந்தவள்போல் ஒலிப்பது அவளுக்கே கேட்டது. "மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

கார்த் கயிற்றில் முடிச்சுப் போட்டான். இழுத்துப் பார்த்தான்.

"உங்களுக்கு இதெல்லாம் பாக்கத் தெரியும்," என்றான். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவனின் குரல். "அதனால கேக்கறேன். அன்னிக்கு ரேடியோவில நானும் நிறுத்தியாச்சுன்னு சொன்னேன், உங்க தம்பியும் சொன்னாரு. ரெண்டு பேர் சொன்னதும் உங்க காதுல ஒரே மாதிரிதானே விழுந்துச்சு? அவரை நம்பறதுக்கு எந்தக் கோட்டைப் பாத்தீங்க?"

எப்போதும் எதற்கும் ஒரு கோட்டை எடுத்து நீட்டுகிற லியோனியின் கை, சட்டைப் பையிலிருந்த போன் வரை போய், சும்மா திரும்பி வந்தது.

கார்த் தலையசைத்தான். லாரியைச் சுற்றி நடந்து ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தான். டாம்சின் வந்து பெண்ணை நடுவில் ஏற்றி, தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

எஞ்சின் உறுமியது. ஆனால் லாரி நகரவில்லை. கார்த் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"உங்க வண்டியைக் கொஞ்சம் எடுக்கறீங்களா? வழியில நிக்குது."

லியோனி ஓடிப்போய் வண்டியைப் பின்னால் எடுத்தாள்.